பண்டைய கெல்ட்டியரை ஆராயத் தொடங்குவோருக்கு: நம்பகமான சான்றுகளைத் தேடிச் சேர்க்கும் முறை

தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றிக் க. கைலாசபதி ஆங்கிலத்தில் எழுதி 1968இல் வெளிவந்த நூலைப் படித்தபோதுதான், நம் பாணரையும் புலவரையும் அயர்லாந்து, வேல்சு நாட்டுப் பாடகரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. அந்நாட்டு மொழிகள் சேர்ந்த குடும்பத்துக்குப் பெயர் தந்த பண்டைய ஐரோப்பிய மக்களான கெல்ட்டியர் பக்கத்திலிருந்து அந்த ஒப்பீட்டை விரித்து எழுத வேண்டும் என்று எட்டு மாதங்கள் படித்தேன், ஏறக்குறைய ரூ. 9,000 செலவில் புத்தகங்கள் வாங்கினேன். நாற்பது பக்கம் எழுதினேன். ஐரோப்பியத் தொல்லியல் பயின்ற நண்பர் ஒருவர் அதை வாங்கிப் படித்து, இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஓரத்தில் ஒரே கேள்வியை எழுதித் திருப்பித் தந்தார்: “இதை முதலில் சொன்னவர் யார், எந்த ஆண்டில்?” பெரும்பாலான இடங்களில் என்னிடம் விடை இல்லை. விடை தேடிப் போனபோது, பண்டையது என்று நம்பி நான் எழுதியவற்றில் பாதிக்கு மேல் 18ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் புனையப்பட்டவை என்று தெரிந்தது. நாற்பது பக்கத்தில் ஒன்பது பக்கம்தான் மிஞ்சியது.

அந்த எட்டு மாதங்களை நீங்களும் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கெல்ட்டியரின் வரலாற்றை இங்கே சொல்லப் போவதில்லை. எந்தச் சான்று எங்கே கிடைக்கும், அதற்கு எவ்வளவு செலவாகும், எவ்வளவு நாள் பிடிக்கும், எந்த இடத்தில் ஏமாறுவீர்கள் என்பவை மட்டுமே இதில் உள்ளன.

1. கேள்வியை இடம், காலம், மொழி என்ற மூன்றாலும் குறுக்குங்கள்

“கெல்ட்டியர்” என்பது ஒரே நாட்டில் ஒரே காலத்தில் வாழ்ந்த ஒரே மக்களின் பெயரன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இப்பெயரைக் குறிப்பிடுகிறார். இன்றைய பிரான்சை உள்ளடக்கிய கோல் நாட்டின் மூன்று பிரிவினருள் ஒரு பிரிவினர் தம் மொழியில் தம்மைக் கெல்ட்டியர் என்று அழைத்துக்கொண்டதாகச் சீசர் கோல் நாட்டுப் போரைப் பற்றிய தம் நூலின் முதல் வரிகளிலேயே சொல்கிறார். ஐரிஷ், வெல்ஷ், பிரெட்டன் முதலிய மொழிகளின் உறவை எட்வர்ட் ல்விட் 1707இல் வெளியிட்ட ஆய்வு நிறுவிய பிறகு, அதே பெயர் ஒரு மொழிக்குடும்பத்துக்கும் ஆகிவந்தது. ஆனால் பண்டைய எழுத்தாளர் எவரும் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வாழ்ந்தோரைக் கெல்ட்டியர் என்று அழைக்கவில்லை. ஆகவே ஒரு நூலில் இச்சொல்லைக் காணும்போதெல்லாம், அது மொழியைக் குறிக்கிறதா, பொருட்பண்பாட்டைக் குறிக்கிறதா, தம்மை அப்படி அழைத்துக்கொண்ட மக்களைக் குறிக்கிறதா என்று பார்த்தே குறிப்பெடுக்க வேண்டும்.

“கெல்ட்டியப் பெண்களின் நிலை” என்று தலைப்பு வைத்துக்கொண்டு தேடினால் நீங்கள் கரை சேர மாட்டீர்கள். “கி.மு. 1ஆம் நூற்றாண்டுக் கோல் நாட்டில் மனைவியின் சொத்துரிமை” என்று குறுக்கினால், சீசரின் 6ஆம் நூல் 19ஆம் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். மனைவி கொண்டுவந்த செல்வத்துக்கு ஈடாகக் கணவனும் ஒரு பங்கை வைத்து, இருவரில் பின்னர் உயிரோடு இருப்பவர் இரண்டையும் அடைவார் என்று அவர் அங்கே எழுதுகிறார். மனைவி மக்கள் மீது கணவனுக்கு வாழ்வும் சாவும் தீர்மானிக்கும் அதிகாரம் இருந்தது என்றும் அதே இடத்தில் எழுதுகிறார். “கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டு அயர்லாந்துச் சட்ட நூல்களில் மணமான பெண்ணின் சொத்துரிமை” என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டுக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகளும், ஒரு கடலும், கிறித்தவத்தின் வருகையும் கிடக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதியதுதான் என் முதல் பெரிய பிழை. கேள்வியைக் குறுக்குவதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்கினாலும் அது வீணாகாது.

2. நான்கு கோப்புகளைத் திறந்து வையுங்கள்

கணினியிலோ தாளிலோ நான்கு தனிக் கோப்புகள் வேண்டும். முதலாவது, அகழாய்வில் கிடைத்த பொருள்களுக்கு. இரண்டாவது, கெல்ட்டிய மொழிகளிலேயே எழுதப்பட்ட கல்வெட்டு, நாணயம், உலோகத் தகடு ஆகியவற்றுக்கு. மூன்றாவது, கிரேக்கரும் உரோமானியரும் வெளியிலிருந்து எழுதியவற்றுக்கு. நான்காவது, இடைக்கால அயர்லாந்திலும் வேல்சிலும் கிறித்தவர்கள் ஏட்டில் எழுதி வைத்தவற்றுக்கு. ஒரு கோப்பிலிருக்கும் செய்தியை மற்றொரு கோப்பின் செய்திக்கு விளக்கமாக எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும், அப்படிச் செய்வதற்கான காரணத்தைத் தனி வரியாக எழுதுங்கள். காரணம் எழுத வரவில்லை என்றால் இணைக்க வேண்டாம்.

டென்மார்க்கில் 1891இல் ஒரு சதுப்பு நிலத்தில் எடுக்கப்பட்ட குண்டெஸ்ட்ரப் வெள்ளிக் கொப்பரையை எடுத்துக்கொள்வோம். அதில் கொம்புடைய உருவம் ஒன்று கால் மடக்கி அமர்ந்திருக்கிறது. அதன் கீழே “கெர்னுன்னோஸ்” என்று பெயரிட்டுப் பல நூல்கள் அச்சிடுகின்றன. கொப்பரையில் அப்படி ஒரு பெயர் பொறிக்கப்படவில்லை. அந்தப் பெயர் பாரிசில் நோத்ர தாம் தேவாலயத்தின் அடியில் கிடைத்த, கி.பி. 1ஆம் நூற்றாண்டுத் தூணில், கொம்புடைய மற்றோர் உருவத்தின் மேல் இருக்கிறது. கொப்பரையின் வெள்ளி வேலைப்பாடோ தென்கிழக்கு ஐரோப்பியத் திரேசியக் கைவினையை நினைவூட்டுவது. இரண்டு உருவங்களும் ஒரே தெய்வம் என்று கருத இடமுண்டு; ஆனால் அது ஆய்வாளரின் ஊகம். கோப்புகள் தனித்தனியாக இருந்தால் ஊகம் எது, சான்று எது என்பது தானே தெரிந்துவிடும்.

3. தொடக்கத்துக்கு ஒரு நூல், அதை மறுக்கும் இன்னொரு நூல்

என்னைப் போல ஐந்தாறு பொது நூல்களை வாங்கிக் குவிக்க வேண்டாம். பாரி கன்லிஃப் எழுதிய பொது வரலாற்று நூலின் 2018ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு தொடங்குவதற்குப் போதும். 1997ஆம் ஆண்டு முதற்பதிப்பு பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கெல்ட்டிய மொழிகளின் தோற்றம் பற்றிய வாதம் இடைப்பட்ட ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டதால், அதை வாங்கினால் இன்னொரு முறை செலவு செய்ய நேரும். அதோடு சேர்த்து, கெல்ட்டியர் என்ற கருத்தையே கேள்விக்கு உட்படுத்தும் ஜான் காலிஸின் 2003ஆம் ஆண்டு நூலையாவது, சைமன் ஜேம்ஸின் 1999ஆம் ஆண்டுச் சிறு நூலையாவது படியுங்கள். மூன்றாவதாக, பாட்ரிக் சிம்ஸ்-வில்லியம்ஸ் 2020இல் கேம்பிரிட்ஜ் தொல்லியல் இதழில் எழுதிய கட்டுரை இருக்கிறது. கெல்ட்டிய மொழிகள் கிழக்கிலிருந்து பரவின என்பாரையும் அட்லாண்டிக் கரையிலிருந்து பரவின என்பாரையும் மறுத்து, இன்றைய பிரான்சை ஒட்டிய நடுப்பகுதியை அவர் முன்வைக்கிறார். அந்தக் கட்டுரை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஜான் கோக் தொகுத்து 2006இல் வந்த ஐந்து தொகுதிக் கலைக்களஞ்சியம் மிகப் பயனுள்ளது. தனியாள் வாங்கும் விலையில் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தால் உங்களுக்கு வேண்டிய பதிவுகளை மட்டும் படித்து, ஒவ்வொரு பதிவின் முடிவிலும் உள்ள வாசிப்புப் பட்டியலை எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியல்கள் உங்களுக்கு மாதக்கணக்கில் தேடலை மிச்சப்படுத்தும்.

4. கிரேக்க, உரோமானிய நூல்களை நேரடியாகப் படியுங்கள்

இந்தப் படிக்குப் பணம் தேவையில்லை. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்நூலகத்தில் சீசரின் இலத்தீன் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் உள்ளன. லேகஸ்கர்ட்டியஸ் என்ற தளத்தில் ஸ்ட்ராபோ, டியோடோரஸ் ஆகிய கிரேக்க எழுத்தாளர்களின் பதிப்புரிமை முடிந்த மொழிபெயர்ப்புகளைப் படிக்கலாம். முதலில் படிக்க வேண்டியவை அதிகமில்லை: சீசரின் 6ஆம் நூலில் 11 முதல் 20 வரையிலான பகுதிகள், ஸ்ட்ராபோவின் 4ஆம் நூல், டியோடோரஸின் 5ஆம் நூலில் கோல் நாட்டைப் பற்றிய பகுதி, உரோமானிய எழுத்தாளர் பிளினியின் 16ஆம் நூலில் ஒட்டுண்ணிச் செடியையும் ட்ரூயிட் பூசகரையும் பற்றி வரும் இடம். மாலை நேரங்களில் படித்தாலும் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம்.

குறிப்பெடுக்கும்போது பக்க எண்ணை எழுத வேண்டாம். நூல் எண்ணையும் பகுதி எண்ணையும் எழுதுங்கள். “சீசர் 6.14” என்றால் எந்தப் பதிப்பிலும், எந்த மொழிபெயர்ப்பிலும் அதே இடம் கிடைக்கும். ஒரு நூல் “பண்டைய உரோமானியர் சொல்கின்றனர்” என்று மட்டும் எழுதி, இத்தகைய எண்ணைத் தராமல் விட்டால், அந்தச் செய்தியை நீங்களே தேடிக் கண்டுபிடிக்கும்வரை பயன்படுத்தாதீர்கள்.

ஒரு செய்தியை அடிவரை துரத்துவது எப்படி என்பதற்கு நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். “ஒவ்வொரு ட்ரூயிடும் இருபது ஆண்டுகள் கல்வி பயின்றார்” என்று நான் வாங்கிய நூல்களில் மூன்று எழுதியிருந்தன. மூன்றில் ஒன்று மட்டும் சீசரின் பெயரைச் சொன்னது. 6.14இல் போய்ப் பார்த்தால், அவர்கள் ஏராளமான செய்யுள்களை மனப்பாடம் செய்வதாகச் சொல்லப்படுகிறது என்றும், அதனால் சிலர் இருபது ஆண்டுகள் வரை பயிற்சியில் இருக்கின்றனர் என்றும் சீசர் எழுதியிருக்கிறார். “சிலர்” என்ற சொல் இலத்தீன் மூலத்தில் தெளிவாக இருக்கிறது. அதைக் கைவிட்டதும் சிலரின் வழக்கம் எல்லாருக்கும் விதியாகிவிட்டது. மேலும், இது கோல் நாட்டைப் பற்றியது, அயர்லாந்தைப் பற்றியதன்று. சொல்பவர் அந்த நாட்டைப் போரிட்டு வென்றவர். இத்தனையையும் சரிபார்க்க எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடத்தை முதல் மாதத்திலேயே செலவிட்டிருந்தால் ஒரு முழு அத்தியாயத்தைத் திருத்த வேண்டி வந்திருக்காது.

இங்கே ஆழமான பொறி ஒன்று உண்டு. மனிதர்களைப் பெரிய பின்னல் உருவத்துக்குள் அடைத்து எரித்தனர் என்ற செய்தி சீசரிடமும் இருக்கிறது, ஸ்ட்ராபோவிடமும் இருக்கிறது. இரண்டு சாட்சிகள் சொல்வதால் உறுதியானது என்று நினைத்துவிடுவோம். ஆனால் கி.மு. 1ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல் நாட்டுக்குப் பயணம் செய்த பொசிடோனியஸ் என்ற கிரேக்க அறிஞரின் நூல் ஒன்று இருந்தது. இன்று அது அழிந்துவிட்டது. ஸ்ட்ராபோவும் டியோடோரஸும் அதிலிருந்து எடுத்து எழுதினர், சீசரும் அதைப் பயன்படுத்தியிருக்கலாம். 1960இல் ஜே. ஜே. டியர்னி இந்தப் பகுதிகளைத் தொகுத்து வெளியிட்டார்; அவற்றில் எவ்வளவு உண்மையில் பொசிடோனியஸுக்கு உரியது என்ற வாதம் அதன் பிறகும் தொடர்ந்தது. எனவே இரண்டு நூல்கள் ஒரே செய்தியைச் சொன்னால், அவை தனித்தனியே அறிந்து சொன்னவையா, ஒரே ஊற்றிலிருந்து மொண்டவையா என்று கேட்டுவிட்டே எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

5. அயர்லாந்து, வேல்சு ஏடுகளுக்கு மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

மிகுந்த ஈர்ப்பும் மிகுந்த குழப்பமும் உள்ள பகுதி இதுதான். ஒவ்வொரு கதைக்கும், கதை எந்தக் காலத்தில் நடப்பதாகச் சொல்லப்படுகிறது, அதன் மொழிநடை எந்தக் காலத்தது, இன்று கையிலிருக்கும் ஏடு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். அயர்லாந்தில் கூலி என்ற இடத்து மாடுகளைக் கவர்ந்த கதையாகிய ‘டாயின்’ கிறித்து பிறந்த காலத்தை ஒட்டி நடந்ததாக இடைக்கால அறிஞர் கொண்டனர். அதன் பழைய வடிவத்தின் மொழி ஓரளவு 8, 9ஆம் நூற்றாண்டுகளுக்குப் போகும். அதைத் தாங்கியிருக்கும் மிகப் பழைய ஏடு 1100ஐ ஒட்டியது. புறநானூற்றுப் பாட்டின் வயதும் அதை எழுதிய ஓலையின் வயதும் வேறு என்று அறிந்த நமக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும்.

இந்தக் கதைகள் இரும்புக் காலத்தைக் காட்டும் சாளரம் என்று கென்னத் ஜாக்சன் 1964இல் வாதிட்டார். அவை தம் காலத்துக் கிறித்தவக் கல்வியாளர் அறிந்தே புனைந்தவை என்று கிம் மக்கோன் 1990இல் வலுவாக எதிர்த்தார். நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், இந்த வாதம் நடந்தது என்பதை அறியாத நூலை நம்ப வேண்டாம்.

மூலங்களை எங்கே பார்ப்பது என்றால், கார்க் நகரிலுள்ள பல்கலைக்கழகக் கல்லூரி நடத்தும் ‘செல்ட்’ என்னும் மின்தொகுப்பில் தொடங்குங்கள். செசில் ஓராஹிலி பதிப்பித்த டாயினின் இரு வடிவங்களும் மொழிபெயர்ப்போடு அங்கே இலவசமாக உள்ளன. ஒவ்வொரு நூலுக்கும் முன்னால், எந்த ஏடு, எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்ற விவரம் தரப்பட்டிருக்கும். அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போகும் அந்தப் பகுதியைத்தான் முதலில் படியெடுக்க வேண்டும். ஏட்டையே கண்ணால் பார்க்க, டப்ளின் உயராய்வு நிறுவனம் நடத்தும் ‘ஐரிஷ் ஸ்கிரிப்ட் ஆன் ஸ்கிரீன்’ தளம் உதவும். சொற்பொருளுக்குப் பழைய ஐரிஷ் மொழியின் மின்னகராதி இருக்கிறது, அதுவும் இலவசம். எந்தக் கதைக்கு எந்தப் பதிப்புகள், மொழிபெயர்ப்புகள் உள்ளன என்பதை நெதர்லாந்தின் வான் ஹாமெல் அறக்கட்டளை நடத்தும் ‘கோடெக்ஸ்’ தரவுத்தளம் ஒரே பக்கத்தில் காட்டிவிடும். இந்தத் தளத்தைப் பற்றி எனக்கு யாராவது முதல் வாரத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். வேல்சுக் கதைகளைக் கொண்ட வெள்ளை ஏட்டை வேல்சு தேசிய நூலகத்தின் தளத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம்.

பதிப்புரிமை முடிந்தது, ஆகவே இலவசம் என்பதற்காக 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்புகளில் தங்கிவிடக் கூடாது. சார்லட் கெஸ்ட் 1838 முதல் 1849 வரை வெளியிட்ட, வேல்சுக் கதைகளின் தொகுப்பான மாபினோகியன் அழகானது; ஆனால் தமக்கு நாகரிகமாகத் தோன்றாத இடங்களை அவர் விட்டுவிட்டார். சியோனட் டேவிஸின் 2007ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பை அதற்குப் பதிலாக வாங்குங்கள்; மெல்லட்டைப் பதிப்பு விலை அதிகமில்லை. டாயினின் வீரன் கூ ஹுலினைப் பற்றி லேடி கிரெகரி 1902இல் வெளியிட்ட கதைகள் மறுகதையாக்கம்; அவற்றை மேற்கோளாகக் காட்ட முடியாது.

பழைய பதிப்புகள் எல்லாமே தள்ளத்தக்கவை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். விட்லி ஸ்டோக்ஸ் என்ற டப்ளின்காரர் 1862இல் சட்டப் பணிக்காகச் சென்னைக்கு வந்தவர். பின்னர் கல்கத்தாவில் இருந்துகொண்டு இந்தியச் சட்டங்களை வரைந்தபடியே பழைய ஐரிஷ் நூல்களைப் பதிப்பித்தார். அவற்றில் சில கல்கத்தாவிலேயே அச்சேறின. அவரும் ஜான் ஸ்ட்ராகனும் 1901 முதல் 1903 வரை வெளியிட்ட பழைய ஐரிஷ் உரைக்குறிப்புத் தொகுதிகளை ஆய்வாளர் இன்றும் எடுத்துப் பார்க்கின்றனர்.

6. பொறிப்புகள், அகழாய்வு, மரபணு

கெல்ட்டியர் தம் மொழியில் தாமே எழுதியவை குறைவு. அதனால்தான் அவற்றுக்கு மதிப்பு அதிகம். பிரான்சில் கொலிஞி என்ற ஊரில் 1897இல் துண்டு துண்டாகக் கிடைத்த வெண்கல நாள்காட்டி கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோலிய மொழியில் மாதப் பெயர்களோடு ஐந்தாண்டுகளை 62 மாதங்களாகக் காட்டுவது. இன்று லியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோலியச் சொற்களுக்குச் சேவியே டெலமாரின் பிரெஞ்சு அகராதியை (2003, இரண்டாம் பதிப்பு) நாடுவார்கள். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு ஒரு பதிவைப் படித்துவிடலாம். ஆனால் அடைப்புக்குறிக்குள் வரும் வினாக்குறிகளை விடாமல் படியெடுங்கள். பதிப்பாசிரியருக்கு ஐயமுள்ள இடத்தையே அவை குறிக்கின்றன.

அகழாய்வுச் செய்திகளில் நாளிதழ்த் தலைப்பை மட்டும் படித்து எழுதுவது பெரும் ஆபத்து. 2025 ஜனவரியில் நேச்சர் இதழில் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் கிடைத்த இரும்புக் கால எலும்புகளின் மரபணு ஆய்வு வெளிவந்தது. பெண்கள் பிறந்த ஊரிலேயே இருக்க, ஆண்கள் மணம் முடித்து அங்கே வந்து சேர்ந்தனர் என்பதைத் தாய்வழி மரபணுவைக் கொண்டு அது காட்டியது. செய்திகளில் இது “பெண்கள் ஆண்ட சமூகம்” என்று பரவியது. மணமக்கள் எங்கே குடியிருந்தனர் என்பதும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதும் வேறு வேறு கேள்விகள். மூலக் கட்டுரை யாவருக்கும் திறந்தே இருக்கிறது. சுருக்கத்தையும் முடிவுப் பகுதியையும் படிக்க ஒரு மணி நேரம் போதும்.

7. இவற்றைக் கண்டால் நில்லுங்கள்

மர ராசி, மர மாதம் என்று பதின்மூன்று மரங்களுக்கு ஆண்டைப் பிரித்துக் காட்டும் “கெல்ட்டிய நாள்காட்டி” 1948இல் ராபர்ட் கிரேவ்ஸ் வெளியிட்ட நூலிலிருந்து கிளைத்தது. பழைய அயர்லாந்தின் ஓகம் எழுத்துகளில் சிலவற்றுக்கு மரப் பெயர்கள் உண்டு; அவற்றைக் கொண்டு மாதம் கணித்ததற்குப் பண்டைய சான்று இல்லை. உண்மையான நாள்காட்டி வேண்டுமானால் கொலிஞித் தகடு இருக்கிறது.

ட்ரூயிடுகளின் வழிபாட்டு வாசகங்கள், மறை தத்துவம், மூன்று கதிர்க் குறியீடு என்று காண்பவை பெரும்பாலும் இயோலோ மார்கனுக் என்ற புனைபெயர் கொண்ட எட்வர்ட் வில்லியம்ஸின் (1747–1826) கைவண்ணம். மெய்யான பழைய வெல்ஷ் பாடல்களோடு தாம் புனைந்தவற்றையும் கலந்து கொடுத்தவர் அவர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் கிரிஃபித் ஜான் வில்லியம்ஸ் அவற்றைப் பிரித்துக் காட்டினார். இயோலோவின் திறமையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் கி.மு. காலத்துக்குச் சான்றாக அவரை எடுக்க முடியாது. ஓசியன் என்ற பழங்காலக் கவிஞருடையவை என்று சொல்லி 1760களில் ஜேம்ஸ் மக்ஃபர்சன் வெளியிட்ட பாடல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அட்டையில் ஸ்டோன்ஹெஞ்ச் படம் போட்டிருந்தாலும் எச்சரிக்கையாகுங்கள். அந்தக் கற்கள் ஏறக்குறைய கி.மு. 3000க்கும் 2500க்கும் இடையில் எழுந்தவை. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கி.மு. 3200ஐ ஒட்டியது. ட்ரூயிடுகளைப் பற்றிய முதல் எழுத்துச் சான்றுகளுக்கும் அவற்றுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. இரண்டையும் இணைத்தவர்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் தொல்பொருள் ஆர்வலர்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் சான்று கேட்டால் நூற்பெயரும் பக்க எண்ணும் தயங்காமல் வந்துவிடும். அவற்றில் சில இல்லாத நூல்களாகவே இருக்கும். திறந்து கண்ணால் பார்க்காத எதையும் எழுத வேண்டாம்.

8. தேடும்போது எந்தச் சொல்லை இடுவது

தேடுபொறியில் ஆங்கிலத்தில் “செல்டிக்” என்று மட்டும் இட்டால் கிளாஸ்கோ காற்பந்துக் குழுவும் பாஸ்டன் கூடைப்பந்துக் குழுவும் நகைக் கடைகளும்தான் முன்னால் வந்து நிற்கும். இடப் பெயரோடு தேடுங்கள்: ஹால்ஸ்டாட், லா டென், ஹோக்டார்ஃப், பிப்ராக்ட். “இரும்புக் காலம்” என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்தால் அகழாய்வு அறிக்கைகள் மேலே வரும். கெல்ட்டியர் என்பதற்கான ஜெர்மானிய, பிரெஞ்சுச் சொற்களை இட்டால் ஆங்கிலத்தில் கிடைக்காத அருங்காட்சியகப் பக்கங்கள் கிடைக்கும்.

இன்னொரு வழியை நான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். ஐரிஷ் பெயர்களைப் பழைய எழுத்துக்கூட்டலில் தேடினால் கற்பனை நூல்கள் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். டாயினில் வரும் அரசியின் பெயரை இன்றைய முறையில் எம், ஏ, ஈ, வி, ஈ என்று இட்டால் பெயர் வைக்கும் புத்தகங்களும் புதினங்களும் வரும். எம், ஈ, டி, பி என்ற நான்கு எழுத்துகளை இட்டால் ஆய்வுக் கட்டுரைகள் வரும்.

9. செலவும் காலமும்

ஆய்விதழ்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே படிக்கலாம்; பதிவிறக்க முடியாது. 1904இல் தொடங்கிய ‘ஏரியூ’ என்னும் ஐரிஷ் ஆய்விதழ் அங்கே உள்ளது. 1936இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்விதழான ‘எத்யூத் செல்டிக்’ பெர்சே தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதற்கு முந்தைய ‘ரெவ்யூ செல்டிக்’ இதழைப் பிரான்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்திலும் இன்டர்நெட் ஆர்கைவிலும் காணலாம். நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ இந்தியாவில் அரசு உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் படித்தாலோ பணிபுரிந்தாலோ, 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் வழியே பெரும் பதிப்பகங்களின் இதழ்கள் அந்நிறுவனத்தில் திறந்திருக்க வாய்ப்புண்டு. கட்டுரைக்குப் பணம் கட்டுமுன் அங்குள்ள நூலகரை அணுகுங்கள்.

எங்குமே கிடைக்காத கட்டுரைக்கு ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதலாம். யார், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நான்கு வரியில் சொன்னால் போதும். நான் எழுதிய ஆறு பேரில் நால்வர் பதில் அனுப்பினார்கள். விரைவில் வந்தது இரண்டு நாளில், தாமதமாக வந்தது ஐந்து வாரத்தில். அதனால் அந்த மடல்களை வேலையின் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது முறை நான் செய்தபோது கேள்வியைக் குறுக்க ஒரு வாரம், பொது நூலுக்கும் அதன் மறுப்புக்கும் மூன்று வாரம், பண்டைய எழுத்தாளருக்கு இரண்டு வாரம், ஏடுகளுக்கு ஆறு வாரம், சரிபார்ப்புக்கு மூன்று வாரம் ஆயின. புத்தகச் செலவு ரூ. 2,600. பழைய ஐரிஷ் மொழியைக் கற்றுவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அதற்கு ஆண்டுகள் ஆகும்; நல்ல மொழிபெயர்ப்பும் அகராதியும் துணையிருந்தால் இப்போதே தொடங்கலாம்.

10. குறிப்புச் சீட்டும் பட உரிமையும்

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். அதில் செய்தி ஒரு வரி, முதலில் சொன்னவர், அவர் வாழ்ந்த காலம், எந்த நாட்டைப் பற்றிச் சொன்னார், நூல் எண்ணும் பகுதி எண்ணும், நான்கு கோப்புகளில் எதைச் சேர்ந்தது, நீங்கள் திறந்து பார்த்த நாள் ஆகியவை இருக்க வேண்டும். எந்தக் கட்டமாவது காலியாக இருந்தால் அந்தச் சீட்டைத் தனியே வைத்துவிட்டு மேலே போங்கள். என் பெட்டியில் அப்படி ஒதுக்கிய சீட்டுகள் இன்னும் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் எதையும் நான் அச்சில் கொடுக்கவில்லை.

படங்கள் சேர்ப்பதாக இருந்தால் கட்டுரை முடிவதற்கு ஒரு மாதம் முன்னரே அந்த வேலையைத் தொடங்க வேண்டும். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் இணையத் தொகுப்பிலுள்ள பெரும்பாலான படங்களை, உரிமையாளர் பெயரைக் குறிப்பிட்டு, வணிக நோக்கமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கிறது. விலைக்கு விற்கும் இதழில் வெளியிட வேண்டுமானால் தனியே அனுமதி பெற வேண்டும். மற்ற அருங்காட்சியகங்களின் விதி ஒவ்வொன்றும் வேறு. படத்தின் கீழே பொருளின் பதிவு எண்ணையும் கிடைத்த இடத்தையும் எழுதுங்கள். அந்த எண் இருந்தால்தான் உங்களுக்குப் பின் வருபவர் அதே பொருளைத் தேடி எடுத்து, நீங்கள் எழுதியது சரிதானா என்று பார்க்க முடியும்.